ஜிபியா, ஃபார்மசியா, 111-ஆ, எமர்ஜென்சியா? இங்கிலாந்துக் குளிர்காலத்தில் எங்கே போவது

டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் நம் ஆட்களின் வீடுகளில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டேதான் இருப்பார். நர்சரியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சளி ஒரே வாரத்தில் வீடு முழுக்கப் பரவும், பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்துக்கொள்ளும், எங்கே போவது என்ற கேள்வி வந்துவிடும். ஊரில் இதற்குப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஆஸ்பத்திரி ஓபிடி இருக்கிறது, அவசரமென்றால் காசைக் கொடுத்து பிரைவேட்டில் பார்த்துவிடலாம். இங்கே அரசு மருத்துவச் சேவையான ஒரே என்.எச்.எஸ். ஐந்தாறு வாசல்களாகப் பிரிந்திருக்கிறது, எந்த வாசல் எதற்கு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

அதனால் நம்மவர்களிடம் இரண்டு பழக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, காலை எட்டு மணிக்கு ஜிபிக்கு, அதாவது நாம் பதிந்திருக்கும் குடும்ப டாக்டருக்கு, போன் அடித்து, வரிசையில் காத்திருந்து, இன்றைக்கு இடமில்லை என்று கேட்டதும் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஏ அண்ட் இ, அதாவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், நள்ளிரவு தாண்டி, "வைரஸ்தான், பாரசிட்டமால் கொடுங்கள்" என்ற பதிலோடு கோபமாக வீடு திரும்புவது. இரண்டாவது இதற்கு நேர் எதிர். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும் அப்பாவுக்கு வாய்வுதான் என்று இஞ்சியும் சோடாவும் கொடுத்து, திங்கட்கிழமை ஜிபியைப் பார்க்கலாம் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வைத்திருப்பது. முதலாவதில் ஒரு ராத்திரி போகும், இரண்டாவதில் உயிர் போகும்.

எந்த இடத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று யோசிக்காதீர்கள். இது எவ்வளவு நேரம் தாங்கும், இதற்குத் தேவையானது யார் கையில் இருக்கிறது, இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எக்ஸ்ரே தேவைப்படும் கணுக்காலுக்கு ஜிபி ஒன்றும் செய்ய முடியாது, மூன்று நாள் சளிக்கு ஏ அண்ட் இ ஒன்றும் செய்யப்போவதில்லை. நான் எழுதுவது இங்கிலாந்தை வைத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடுகள் கொஞ்சம் மாறும்.

யோசிக்கவே கூடாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ வந்து விடாமல் இருப்பது, அது கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது. வாய் ஒரு பக்கம் கோணுவது, கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவது. நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு, திடீரென்று ஆளே மாறியதுபோல் குழம்பிப் பேசுவது. இவை எல்லாவற்றுக்கும் ஆம்புலன்ஸை அழைக்கும் அவசர எண்ணான 999 மட்டும்தான். பக்கவாத அறிகுறி மூன்றும் சேர்ந்து வர வேண்டுமென்று காத்திருக்காதீர்கள், ஒன்று வந்தாலே போன் செய்யுங்கள், ஏனென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நெஞ்சுவலிக்கு 999-இல் பேசிவிட்டு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர் இல்லையென்றால் 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கச் சொல்வது இங்கே வழக்கம். போனில் பேசுபவரே அதைச் சொல்வார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தெற்காசியர்களான நமக்கு இதயநோய் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே, அதிகமாகவே வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் பெரிய வலி இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ மட்டும் தெரியும். "மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம்", "ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்பதும் சாக்கு ஆகக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் அடங்கிய இரண்டாம் வகை அழைப்புகளுக்கு இலக்கு சராசரி 18 நிமிடம், 2022 டிசம்பரில் அது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது, அது உண்மை. ஆனால் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போய் வழியில் மயங்கினால் உதவ ஆள் இருக்காது. ஆம்புலன்ஸில் வருபவர்கள் வீட்டுக் கூடத்திலேயே ஈசிஜி எடுத்து, சரியான ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோவார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் அடுத்து என்ன செய்வது என்பதையும் 999-இலேயே சொல்வார்கள்.

அப்புறம், ஆம்புலன்ஸில் போனால் ஏ அண்ட் இ-யில் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி இல்லை. எப்படி வந்தாலும் யாருக்கு ஆபத்து அதிகமோ அவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். நூற்றுக்கு 95 பேரை நாலு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து கடைசியாக எட்டியது 2015 ஜூலையில். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட எட்டவில்லை, குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்காக அங்கே போனால் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள், சுற்றிலும் ஃப்ளூவோடு இருமுகிறவர்கள் நடுவில் கைக்குழந்தையோடு.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கே வேறு. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே, மூன்றிலிருந்து ஆறு மாதக் குழந்தைக்கு 39 வந்தாலே, குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, அன்றைக்கே 111 என்ற என்.எச்.எஸ். ஆலோசனை எண் அல்லது ஜிபி. அதைவிடப் பெரிய குழந்தையென்றால் தெர்மாமீட்டரைவிடக் குழந்தையைப் பாருங்கள். 39 இருந்தும் விளையாடுகிறது, குடிக்கிறது, ஒன்றுக்குப் போகிறது என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சல் குறைவாக இருந்தும் துவண்டு கிடக்கிறது, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பால் குடிக்கிறது, பன்னிரண்டு மணி நேரமாக நாப்பி நனையவில்லை என்றால் உடனே 111. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு அடியில் வயிறு உள்ளே இழுக்கிறது, முனகுகிறது, உதடு நீலமாகிறது என்றால் 999.

நம் தோலில் நீலமும் சிவப்பும் வெள்ளைக்காரக் குழந்தைகளில் தெரிவதுபோல் தெரியாது. உதட்டின் உள்பக்கம், ஈறு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் இவற்றைப் பாருங்கள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத தடிப்பு மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம், அதையும் நம் பிள்ளைகளுக்கு இதே வெளிறிய இடங்களிலும் கண் இமையின் உட்புறத்திலும்தான் தேட வேண்டும். கோவிட் சமயத்தில் வாங்கிப் போட்ட, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை வைத்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள், கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் வாங்குகிறார், கருவி 96 காட்டினாலும்.

இப்போது 111. என் பார்வையில் நம் ஆட்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் மிக அதிகமாகப் பயன்படுத்த வேண்டியதும் இதுதான். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, இலவசம், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இணையத்திலும் செய்யலாம். "மூச்சு இருக்கிறதா, ரத்தம் வருகிறதா" என்று சம்பந்தமில்லாததுபோல் கேள்வி கேட்கிறார்கள் என்ற எரிச்சலில் பலர் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆபத்தானவற்றை ஒவ்வொன்றாக விலக்கத்தான் அந்தக் கேள்விகள், பொறுமையாகப் பதில் சொல்லி முடித்தால் பலன் உண்டு. நர்ஸோ டாக்டரோ திருப்பிக் கூப்பிட ஏற்பாடு செய்வார்கள், சின்ன அவசரங்களுக்கான அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டரில் நேரம் குறித்துத் தருவார்கள், தேவையென்றால் அவர்களே ஆம்புலன்ஸும் அனுப்புவார்கள். பல்வலிக்கும் இதே எண்தான், ஏ அண்ட் இ-யில் பொதுவாகப் பல் டாக்டர் இருக்க மாட்டார். மனம் உடைந்து உயிரை விட்டுவிடலாமோ என்கிற அளவுக்குப் போனவர்களுக்கு 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக்கு உதவுபவர்கள் பேசுவார்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், தனியாக வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு முக்கியமாக.

ஆங்கிலம் தடுமாறும் என்பதாலேயே பெரியவர்கள் 111-க்குப் பயப்படுகிறார்கள். அழைத்தவுடன் "தமிழ் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், காசு கிடையாது. ஜிபியிலும் ஆஸ்பத்திரியிலும் இதைக் கேட்கலாம். பத்து வயதுப் பேத்தியை வைத்துப் பாட்டியின் மாதவிடாய்ப் பிரச்சினையையோ மார்பில் உள்ள கட்டியையோ சொல்ல வைப்பது பாவம், பாட்டியும் முழுசாகச் சொல்ல மாட்டார்.

ஃபார்மசியை நாம் மாத்திரை வாங்கும் கடையாக மட்டும் பார்க்கிறோம். 2024 ஜனவரி 31-இல் தொடங்கிய ஃபார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தில், ஏழு நோய்களுக்கு ஃபார்மசிஸ்டே தனியறையில் பார்த்து, தேவையானால் ஆன்டிபயாடிக் உள்பட மருந்து கொடுக்கலாம், ஜிபி சீட்டு வேண்டாம். சைனஸ், தொண்டைவலி, காதுவலி, சீழ் பிடித்த பூச்சிக்கடி, இம்பெட்டிகோ என்கிற தோல் கொப்புளம், அக்கி, பெண்களின் நீர்க்கடுப்பு. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, மருந்து தந்தால் வழக்கமான பிரிஸ்கிரிப்ஷன் கட்டணம். அது 2024 மே மாதம் 9.90 பவுண்டு ஆனது, 16 வயதுக்குக் கீழும், 60-இலும் அதற்கு மேலும் இலவசம். ஆனால் வயது வரம்பு உண்டு, ஏமாற்றமடைந்து திரும்புபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

காதுவலி: ஆறு வயதுப் பிள்ளையென்றால் ஃபார்மசி, ஒன்றிலிருந்து பதினேழு வயது வரை அங்கே பார்ப்பார்கள், உங்களுக்கே என்றால் ஜிபி. நீர்க்கடுப்பு: 16-இலிருந்து 64 வயதுப் பெண்ணென்றால் ஃபார்மசி, கர்ப்பிணி, ஆண், எழுபது வயது அம்மா என்றால் ஜிபி. நடுக்கும் காய்ச்சலோடு இடுப்புக்கு மேலே முதுகில் வலியும் சேர்ந்தால் வயது எதுவானாலும் அன்றைக்கே 111, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். தொண்டைவலி: ஐந்து வயதிலிருந்து ஃபார்மசி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிய விடுகிறார் என்றால் 999. சைனஸ் பன்னிரண்டு வயதிலிருந்து, அக்கி பதினெட்டிலிருந்து. அக்கிக்குக் கடுகு அரைத்துப் பூசுவது, மந்திரிப்பது எல்லாம் அப்புறம் இருக்கட்டும், வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த ஓரிரு நாளில் தொடங்கினால்தான் நல்ல பலன், அதனால் அன்றே ஃபார்மசிக்கு நடந்து போங்கள்.

இருமல் தனிக் கதை. சாதாரண இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், சளி பச்சையாக வருவதாலேயே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று அர்த்தமில்லை, இது நம்மில் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மூன்று வாரத்தைத் தாண்டினால் ஜிபி. கூடவே உடம்பு இளைக்கிறது, ராத்திரியில் வியர்த்து நனைகிறது என்றால் அதையும், அண்மையில் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ போய் வந்ததையும் ஜிபியிடம் கட்டாயம் சொல்லுங்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதற்குச் சிகிச்சை யாருக்கானாலும் இங்கே இலவசம்.

அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டர் பற்றி நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. தினமும் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், கிறிஸ்துமஸ் விடுமுறை உள்பட, திறந்திருக்க வேண்டிய இடம் அது. பனியில் வழுக்கிச் சுளுக்கிய கணுக்கால், முறிந்திருக்குமோ என்று தோன்றும் மணிக்கட்டு, தையல் போட வேண்டிய வெட்டு, ரசம் கொட்டிய சின்னத் தீக்காயம், சனிக்கிழமை ராத்திரி பிள்ளைக்கு வந்த காய்ச்சல், இவற்றுக்கு ஏ அண்ட் இ-யைவிட இதுதான் சரி. நேராகவும் போகலாம், 111 மூலம் நேரம் வாங்கிப் போனால் இன்னும் நல்லது. எல்லா சென்டரிலும் எல்லா நேரமும் எக்ஸ்ரே இருக்காது, கிளம்புமுன் பார்த்துவிட்டுப் போங்கள். எலும்பு வெளியே தெரிகிறது, கை கோணலாகத் தொங்குகிறது, தலையில் அடிபட்டு மயங்கினார் அல்லது வாந்தி எடுக்கிறார், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டார் என்றால் அது ஏ அண்ட் இ.

ஜிபியைப் பற்றி எல்லோரும் குறைபடுகிறார்கள், ஓரளவு நியாயம்தான். ஆனால் இழுபறியாக இருக்கும் எதற்கும் அதைவிட நல்ல இடமில்லை: சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா அடிக்கடி வருவது, புதிதாகத் தென்பட்ட கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது. 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் ஜிபிகள் வேலை நேரம் முழுவதும், அதாவது காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை, ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து வைக்க வேண்டும், எட்டு மணி போன் வரிசையில் மல்லுக்கட்டுவதைவிட அது எளிது. எழுதும்போது எத்தனை நாளாக, எது மோசமாகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெளிவாக எழுதுங்கள். ரிசப்ஷனிஸ்ட் என்ன பிரச்சினை என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், யாரிடம் அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் கேட்கிறார், சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தரங்கமான விஷயம் என்று மட்டும் சொன்னால் போதும்.

வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. மிளகு ரசம், கொத்தமல்லித் தண்ணீர், ஆவி பிடிப்பது எல்லாம் பெரியவர்களுக்கு இதம்தான், பிள்ளைகளைக் கொதிநீர் ஆவி பக்கம் விடாமல் இருந்தால் சரி. ஆனால் ஒரு வயதுக்குக் கீழே குழந்தையின் நாக்கில் தேன் தடவவே கூடாது, அரிதானாலும் ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம், அம்மம்மா எத்தனை முறை சொன்னாலும். ஆறு வயதுக்குக் கீழே கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்துகளும் வேண்டாம். அதைவிடக் கவலை தருவது மருந்து கலப்பதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, இங்கே வாங்கிய பாரசிட்டமால் 500, தூங்கப்போகும்போது சளிக்குச் சுடுநீரில் கலக்கிக் குடிக்கும் லெம்சிப் மேக்ஸ் பொடி ஒன்று, மூன்றுமே பாரசிட்டமால். லெம்சிப் மேக்ஸ் ஒரு பாக்கெட்டிலேயே 1000 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4000-தான் எல்லை, அதைத் தாண்டினால் ஈரல் கெடும், கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. தாண்டிவிட்டீர்கள் என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே 111-ஐக் கேளுங்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதும் வேண்டாம், ஃப்ளூவுக்கு அது ஒன்றும் செய்யாது.

விசிட்டர் விசாவில் அம்மா, அப்பா வந்திருக்கும் வீடுகளில் இன்னொரு பயம் சேர்கிறது, பில். இங்கிலாந்தில் ஜிபியைப் பார்ப்பதும் 111-உம் அவர்களுக்கும் இலவசம், ஜிபியில் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஏ அண்ட் இ-க்குள் பார்க்கும் சிகிச்சையும் இலவசம். வார்டில் சேர்த்தபிறகோ ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பியபிறகோதான் கட்டணம் தொடங்கும், அதுவும் வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கு, 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவைப் பாதிக்கலாம். இதற்குப் பயந்து நெஞ்சுவலியை மறைக்கிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையை முன்பணம் இல்லையென்று மறுக்க மாட்டார்கள். டிக்கெட் போடும்போதே, இருக்கிற சர்க்கரையையும் பிரஷரையும் மறைக்காமல் சொல்லி அதையும் சேர்க்கும் பயணக் காப்பீடு எடுங்கள், மலிவான பாலிசி பழைய நோய்களை விலக்கியிருக்கும்.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கென்று ஒன்று. டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் ஜிபி பூட்டியிருக்கும், ஃபார்மசிகளில் சில மட்டும் சில மணி நேரம் திறக்கும். இன்சுலின், பிரஷர் மாத்திரை, இன்ஹேலர் இவற்றுக்கு டிசம்பர் நடுவிலேயே என்.எச்.எஸ். ஆப்பில் ஆர்டர் போட்டுவிடுங்கள், 65 வயதை எட்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசி இன்னும் போடவில்லையென்றால் மருந்து வாங்கப் போகும்போதே அந்த ஃபார்மசியில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் விடுமுறை நடுவில் மாத்திரை தீர்ந்துவிட்டால் ஏ அண்ட் இ வேண்டாம், 111-இல் சொன்னால் திறந்திருக்கும் ஃபார்மசி ஒன்றில் சில நாட்களுக்கு அவசரமாகக் கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். பழைய மருந்துப் பெட்டியையோ சீட்டையோ கையோடு எடுத்துப் போங்கள்.